மோட்டார் வண்டியின் புகைக்குழாயும் அதற்கேற்ற உருக்கும்

இரும்பு துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், மோட்டார் வண்டியின் ஏனைய இரும்புறுப்புகள் பல நல்ல நிலையில் இருக்கவும் புகைக்குழாய் முற்பட்டே துருவுக்கு இரையாவது ஏன் என்பதைப் பலர் ஆராய்வதில்லை. குழாய் ஓட்டையானதும் பட்டறைக்குச் செல்வோர் விலையை வினவுவரேயன்றி, புதிய குழாய் எவ்வகை உருக்கினால் ஆனது என வினவுவது அரிது. இக்காலத்தில் இவ்வுறுப்புக்கு வழங்கும் உருக்குகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று அலுமினியம் பூசிய உருக்கு. மற்றது துருவேறா உருக்கு. இவற்றுள் எதனைக் கொள்வது என்பது பணத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. வண்டியினுள் இருப்போர் உயிரைப் பற்றிய வினாவுமாம்.

புகைக்குழாயின் முதற்பகை அதனுள்ளேயே பிறக்கின்றது. பெற்றோல் என்பது காபனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வைகளின் கலவை. அது எரியும்போது காபன் காபனீரொட்சைட்டாகவும் ஐதரசன் நீராகவும் மாறுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதனால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. எஞ்சினை விட்டு ஆவியாக வெளிவரும் இந்நீர், குளிர்ந்த குழாயிற் பட்டதும் துளிகளாகப் படிகின்றது. எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து இந்நீரிற் கரைவதால் அஃது அமிலமாகின்றது. நெடுந்தூரம் ஓடும் வண்டியிற் குழாய் முழுவதும் சூடேறி இவ்வீரம் உலர்ந்துவிடும். காலையில் ஒரு மைலும் மாலையில் ஒரு மைலும் ஓடி நிற்கும் வண்டியிலோ அது தேங்கி நிற்கும். எனவே, குறைவாக ஓடும் வண்டியின் குழாய் நெடுங்காலம் உழைக்கும் என எண்ணுவது தவறு. மக்கள் வழக்கிற் சைலன்சர் எனப்படும் ஒலியடக்கி எஞ்சினுக்குத் தொலைவில், குளிர்ந்த இடத்தில் அமைந்திருப்பதனாலேயே உள்ளிருந்து அரிக்கப்படுகின்றது. வெளித்தோற்றம் குறையின்றி இருக்க, உட்சுவர் மெலிந்து போவதுண்டு.

வெளியிலிருந்து வரும் பகை உப்பு. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மாரிகாலத்திற் பனிக்கட்டியை உருக்குவதற்காக வீதிகளில் உப்புத் தூவுவர். அது சேற்றுடன் கலந்து வண்டியின் அடியிற் படிகின்றது. கடலை அடுத்த ஊர்களில் உப்பங்காற்று அதே தீமையை மெதுவாகச் செய்கின்றது. மூன்றாம் பகை வெப்பம். எஞ்சினை அடுத்த குழாய் 800 பாகை செல்சியசு வரையுஞ் சூடேறலாம். வால்முனையிலோ வெப்பம் மிகக் குறைவு. ஆகவே, ஒரே குழாயின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு இடர்களுக்கு உட்படுகின்றன என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இரும்பைக் காப்பதற்கு நாகம் பூசுதல் பழைய முறை. கூரைத் தகட்டுக்கும் வாளிக்கும் அது போதும். ஆனால் நாகம் 419 பாகையில் உருகிவிடும். ஆதலாற் புகைக்குழாய்க்கு அஃது உதவாது. அலுமினியம் உருகுவதற்கு 660 பாகை வேண்டும். தூய்மையாக்கப்பட்ட உருக்குத் தகட்டை உருகிய அலுமினியத்தில் தோய்த்தெடுக்கும் முறையை அமெரிக்காவின் ஆம்கோ உருக்குக் கம்பனி 1939ஆம் ஆண்டில் வழக்கிற் கொணர்ந்தது. இவ்வலுமினியத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வரையிற் சிலிக்கன் கலக்கப்படுகின்றது. சிலிக்கன் இல்லையேல், இரும்பும் அலுமினியமும் கூடி நொறுங்குந் தன்மையுள்ள தடித்த படையொன்றை உண்டாக்கும். தகட்டை வளைக்கும்போது பூச்சு வெடித்து உரிந்துவிடும். சிலிக்கன் அப்படையின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. பூச்சின் மேற்பரப்பில் இயல்பாக உண்டாகும் அலுமினியவொட்சைட்டே காப்பாக நிற்கின்றது.

இப்பூச்சின் குறை அதன் மென்மையிலேயே உள்ளது. ஒரு பக்கத்திலுள்ள பூச்சு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. தகட்டை வெட்டிய விளிம்பில் அது இல்லை. உருக்கி ஒட்டிய இடத்தில் அஃது எரிந்து போகின்றது. கல் தெறித்துக் கீறிய இடத்திலும், கூர்மையாக வளைத்த இடத்திலும் அது பழுதுபடலாம். அவ்விடங்களில் வெறும் இரும்பு வெளிப்பட்டதும் துரு தொடங்குகின்றது. ஆகையால் ஒட்டிய இடங்களுக்கு வெப்பந் தாங்கும் அலுமினிய மை பூசுதல் நல்ல பட்டறைகளின் வழக்கம்.

துருவேறா உருக்கின் இயல்பு வேறு. இங்கிலாந்தின் செபீல்டு நகரில் துப்பாக்கிக் குழல்களின் தேய்வைப் பற்றி ஆராய்ந்த ஹரி பிறியர்லி என்பார் 1913இல் குரோமியம் மிகுந்த உருக்கு அரிப்பை எதிர்த்து நிற்பதைக் கண்டார். உருக்கிற் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் இருப்பின், அதன் மேற்பரப்பிற் கண்ணுக்குப் புலனாகாத குரோமியவொட்சைட்டுப் படையொன்று உண்டாகின்றது. கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஒட்சிசனால் அது மீண்டும் உண்டாகும். பூசிய காப்புப் போனால் போனதே. உள்ளியல்பாய் அமைந்த காப்புத் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும். இரண்டு உருக்குகளுக்குமிடையேயுள்ள தலையாய வேற்றுமை இதுவேயாம்.

துருவேறா உருக்கும் ஓரினமன்று. புகைக்குழாய்க்குப் பெரிதும் பயன்படுவன 409, 304 எனும் எண்களாற் குறிக்கப்படும் இரண்டு. 409இற் குரோமியம் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொரு பங்கு. நிக்கல் இல்லையென்றே கூறலாம். சிறிதளவு தைத்தேனியம் உண்டு. 304இற் குரோமியம் பதினெட்டுப் பங்கும் நிக்கல் எட்டுப் பங்குமாம். வீட்டுச் சமையற் பாத்திரங்களிலும் இவ்வினம் பயன்படுவதுண்டு. 409 சில காலத்தில் மேற்பரப்பிற் கபில நிறங் கொள்ளும். அதனைக் கண்டு ஏமாந்ததாக எண்ணவேண்டியதில்லை. அது பெரும்பாலும் நிறக்கேடேயன்றி வலிமைக்கேடன்று. 304 நெடுங்காலம் பளபளப்புடன் விளங்கும்.

ஆயினும் விலை மிகுந்த 304 எல்லாவற்றாலும் உயர்ந்தது எனல் பொருந்தாது. சூடேறும்போது அது மிகுதியாக நீள்கின்றது. இரண்டு மீற்றர் நீளமுள்ள குழாயின் வெப்பம் 400 பாகை உயர்ந்தால், 304 ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் நீளும். 409 ஒன்பது மில்லிமீற்றரளவே நீளும். குழாயைத் தாங்கும் பிடிகள் அசைய இடந்தராவிடின் ஒட்டிய இடங்கள் வெடிக்கலாம். மேலும், 304ஐ 425 பாகைக்கும் 850 பாகைக்கும் இடையில் நெடுநேரம் வைத்திருந்தால், அதிலுள்ள காபன் குரோமியத்தைக் கவர்ந்துகொள்ள, மணிகளின் எல்லைகளிற் காப்புக் குன்றுகின்றது. 409இலுள்ள தைத்தேனியம் காபனை முற்படத் தன்பாற் சேர்த்துக்கொள்வதால் இக்கேடு குறைகின்றது.

வண்டி செய்வோர் துருவேறா உருக்கை நாடியதற்குச் சட்டமும் காரணமாயிற்று. அமெரிக்காவில் 1970இல் தூயகாற்றுச் சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டதன் பயனாக, 1975ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நச்சுப்புகையை மாற்றும் ஊக்கிக் கலங்கள் பெருவழக்காயின. அக்கலங்களின் வெப்பத்தை அலுமினியப் பூச்சுத் தாங்காது. பின்னர், 1995ஆம் ஆண்டு வண்டிகள் தொட்டு, ஊக்கிக் கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் அளித்தல் வேண்டுமென அந்நாட்டில் விதிக்கப்பட்டது. நெடுநாள் உழைக்கும் உலோகத்தைத் தேடுதல் இவ்வாறு கட்டாயமாயிற்று.

இனி, உயிரைப் பற்றிய வினாவுக்கு வருவோம். குறைவாக எரிந்த பெற்றோலிலிருந்து காபனோரொட்சைட்டு உண்டாகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனோடு இணைவதிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் இவ்வாயுவோடு இணைகின்றது. வண்டியின் அடியில் உள்ள குழாய் துளைபட்டால், தளத்திலுள்ள இடுக்குகளின் வழியே இது உட்புகலாம். சாளரங்களை மூடி, எஞ்சினை ஓடவிட்டு வண்டியுள் உறங்குவோர் தலைவலியைக்கூட உணராமல் மாள்வதுண்டு. எனவே, எவ்வுருக்கைக் கொண்டாலும் ஓசை மாறியதும் குழாயைச் சோதித்தல் கடமையாகும்.

தெரிவுக்குரிய நெறி இதனாற் புலப்படும். எஞ்சினை அடுத்த சூடான பகுதிக்கும் ஊக்கிக் கலத்துக்கும் துருவேறா உருக்கே தக்கது. பிற்பகுதிக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளே வைத்திருக்கக் கருதும் பழைய வண்டியாயின், அலுமினியம் பூசிய உருக்குப் போதும். குறுந்தூரமே ஓடும் வண்டிக்கும், கடற்கரையூரில் உள்ள வண்டிக்கும், பல்லாண்டு வைத்திருக்கும் வண்டிக்கும் 409 ஏற்றது. குழாயின் விலையோடு கூலியையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். மலிவான குழாயை இருமுறை மாற்றினாற் கூலியும் இருமுறையாம். வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பலாகாது. காந்தம் 304ஐப் பெரும்பாலும் கவராது. ஆனால் 409ஐயும் அலுமினியம் பூசிய உருக்கையும் ஒருங்கே கவரும். எனவே, அதைக்கொண்டு இவ்விரண்டையும் வேறுபிரித்தல் இயலாது. இன எண்ணைக் கேட்டறிதலே வழி. பிடிகளும் ஆணிகளும் வெறும் இரும்பாயின், நல்ல குழாயும் அவற்றின் துருவால் விழுந்துவிடும் என்பதும் நினைவிற்குரியது. விலையை வினவுமுன் வெப்பம், ஈரம், உப்பு, வண்டி உழைக்கவேண்டிய காலம் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்ப்பவர் தமக்கேற்ற உருக்கைத் தாமே தெரிந்து கொள்வர்.