குடத்தில் ஒட்டிய சில்லைக் கழற்றுதல்

உக்குவளையிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் வண்டியின் சில்லு இடைவழியிற் காற்றிறங்கி, சுரைகள் யாவும் கழன்ற பின்னரும் குடத்தை விட்டு அகலாதிருப்பதுண்டு. இரும்பிலிருந்து உண்டாகும் துரு அவ்விரும்பினும் அதிக இடங்கொள்ளும். ஆதலால் நடுத்துளை இறுகிவிடுகின்றது. மரக்கறியோ காத்திராது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றைச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சுரைகளை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்துக. முற்றாகக் கழற்றினால் சில்லு திடீரென விழும். பின் ஜக்கினால் உயர்த்தி, நடுத்துளையைச் சுற்றித் துருநீக்கும் எண்ணெய் சில துளி இட்டுச் சற்றுப் பொறுத்து, டயரின் பக்கத்தை மரச்சுத்தியலால் அடித்து, சில்லைச் சிறிது சுழற்றி மீண்டும் அடிக்க. நெருப்புக் காட்டுதல் கூடவே கூடாது. டயர் வெடித்து உயிர் கொல்லும். வண்டியின் கீழ் ஒருவரும் புகலாகாது.

கழன்றபின் துருவைக் கம்பித்தூரிகையாற் சுரண்டி, நடுத்துளையில் மெல்லியதாகக் கிறீஸ் பூசுக. அது மரையாணியிலும் பிறேக்கிலும் படலாகாது. அறுவடைக்கு முன்னரே வீட்டில் ஒருமுறை சில்லுகளைக் கழற்றிப் பூட்டிவைத்தல் நன்று.