பயிற்சிக்கு எந்தச் சன்னம்?

துவக்கு என்னும் சொல் செவியில் விழுந்ததும் நம்மவர் வீடுகளில் முகங்கள் சுருங்கிவிடுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நிகழ்ந்த போரின் ஓசை ஒரு தலைமுறையினரின் காதை விட்டு இன்னும் நீங்கியபாடில்லை. ஆயினும், அதே சொல்லைக் கண்டியிலுள்ள மாணவ மாணவியர் சிலர் இப்பொழுது வேறொரு பொருளில் வழங்கக் கேட்கின்றோம். பத்து மீற்றர் தூரத்தில் மாட்டிய தாளட்டையை நோக்கிக் காற்றழுத்தத் துவக்கினாற் சுடுவது அவர்களுக்கு விளையாட்டு. விளையாட்டு என்பதினும் மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி என்பதே பொருந்தும். பிள்ளை இதிற் சேர்ந்த சில வாரங்களுக்குள் பெற்றோர் எதிர்கொள்ளும் வினா ஒன்றுதான்: பயிற்சிக்கு எந்தச் சன்னத்தை வாங்குவது? மலிவானது போதாதா?

வினா சிறிது, அதன் வரலாறு நீண்டது. 'துவக்கு' என்ற நம் சொல்லும், 'துவக்குவ' என்ற சிங்களச் சொல்லும், 'துப்பாக்கி' என்பதும் துருக்கி மொழியின் 'துபெக்' என்னும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பர் மொழியறிஞர். பொருளும் பெயரும் ஒன்றாகவே கப்பலேறி வந்தன. ஆனால் மருந்தை மட்டும் கண்டி இராச்சியத்தார் தம் மலைகளிலேயே தேடிக்கொண்டனர். சுரங்க விளக்கைக் கண்ட ஹம்ப்ரி டேவியின் தம்பியாராகிய ஜோன் டேவி என்னும் வைத்தியர் 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தவர். தும்பறைப் பகுதியில் மெமூரா என்று அவர் குறிக்கும் ஊருக்கு அண்மையில் வெடியுப்புக் குகை ஒன்றைக் கண்டதாக 1821 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். அங்கே பதினாறு பேர் அழுக்கும் வியர்வையுமாய் வேலை செய்தனராம். குகை மண்ணை வெட்டி, சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பெடுக்க வேண்டும். ஒரு சுமை உப்புக்கே இத்துணை உழைப்பெனின், குறி பழகுவதற்கென்று மருந்தை வாரியிறைத்திருப்பர் என நம்புதல் அரிது. (1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோய், 2023 இல் நெதர்லாந்து நமக்குத் திருப்பித் தந்த லெவ்கே திசாவையின் பீரங்கியைக் கொழும்பு நூதனசாலையிற் பார்த்தவர்கள், அது பழகுவதற்குரிய பொருளன்று, பார்ப்பதற்குரிய பொருள் என்பதை உடனே உணர்வர்.)

பிற்காலத்தில் இதே கண்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்னொரு கூட்டத்தார் குறி பழகினர். 1900 ஆம் ஆண்டில் அமைந்து 1949 இற் கலைக்கப்பட்ட 'இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படை' என்பதே அது. அதில் இருந்தோர் ஐரோப்பியத் துரைமார். கொழுந்து பறித்த நம் மக்களுக்கு அங்கே இடமில்லை. அப்படை தோன்றிய காலத்திலேதான் பிரித்தானியர், போவர் யுத்தத்தில் தம் வீரர் குறி தவறுவதைக் கண்டு, 'பயிற்சிக்குச் செலவு குறைந்த வழி யாது?' என்று பெரிதும் சிந்திக்கலாயினர். பெரிய துவக்கின் குழலுக்குள் மெல்லிய குழலொன்றைச் செருகி, சிறிய ரவையாற் சுடும் 'மொறிஸ் குழல்' என்னும் உபாயம் முன்னரே அவர்களிடம் இருந்தது. 1901 இல் இங்கிலாந்தில் தொழிலாளர் துவக்குக் கழகங்களின் சங்கம் ஒன்று எழுந்தது. அன்றாடம் கூலிக்கு உழைப்பவனும் மாலை வேளையிற் குறி பழக உதவியது, அமெரிக்காவில் 1887 இல் உருவான '.22 லோங் றைபிள்' என்னும் சின்னஞ்சிறு ரவை. 5.6 மில்லிமீற்றர் குறுக்களவு. ஏறக்குறைய இரண்டரைக் கிராம் ஈயம். இன்றும் உலகமெங்கும் பயிற்சி ரவை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுவே.

நிற்க. கைத்துப்பாக்கி, கார்பைன் என்பவை பற்றியும் ஒரு சொல். கார்பைன் என்பது குறுகிய குழலுடைய துவக்கு; ஒரு காலத்துக் குதிரைவீரரின் ஆயுதம். பிரித்தானியப் படையில் பிரௌனிங் கைத்துப்பாக்கியும் ஸ்டேர்லிங் என்ற குறுந்துவக்கும் ஒரே 9 மில்லிமீற்றர் ரவையையே ஏற்றன. இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பழகலாம் என்பதே இத்தகைய ஏற்பாட்டின் சிக்கனம். இவற்றிற்கு வாங்கும் பயிற்சி ரவையிற் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு முறையும் தவறாது பற்றிக்கொள்ளுதல். இரண்டு, சன்னம் ஒரே வேகத்திற் செல்லுதல். மூன்று, வெற்றுக் கோது குழலில் ஒட்டாது வெளியேறுதல். பித்தளைக் கோது விலை மிகுந்தது, ஆனால் இணக்கமானது. இரும்புக் கோது மலிவு, சில துவக்குகளில் மட்டும் சீராக இயங்கும். பழைய படைக்கலச் சாலைச் சரக்கு விலை குறைவென்று வாங்குவோர் வெளிநாடுகளில் உண்டு. அவற்றிற் சிலவற்றின் தீமூட்டும் மருந்து வெடித்தபின் குழலில் உப்பைப் படியவிடும். அன்றே கழுவித் துடையாவிடின் துருப்பிடிக்கும். வாங்கும்போது மீந்த காசு துவக்கைச் செப்பனிடுவதிற் போய்விடும்.

இவையெல்லாம் நம் நாட்டிற் காவற்றுறையினர்க்கும் படையினர்க்கும், உரிமம் பெற்ற ஒரு சிலர்க்கும் உரிய செய்திகள். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். ஆதலின் நம் பிள்ளைகளுக்கு உரியதாகிய காற்றழுத்தத் துவக்கிற்கு மீள்வோம். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறத் தொடங்கிய போட்டி இது. இலங்கையின் தெஹானி எகொடவெல 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிற் பங்குகொண்டதும் இதிலேதான்.

எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தையார், தேயிலைத் தோட்டமொன்றில் எழுதுவினைஞர், சென்ற ஆண்டு எம்மைக் கண்டு, "சேர், பிள்ளை தவணை முடியிறதுக்குள்ள ஆறு டின் முடிச்சிட்டாள். கடைசியில வாங்கினது பாதி விலைதான். ஆனா, 'அப்பா, இதில என்ர கை நடுங்குது'ன்னு அழுறாள்" என்றார். கணக்கு மிகையன்று. போட்டியொன்றுக்கு 60 வெடி. முன்பழக்கத்துக்குப் பதினைந்தேனும் வேண்டும். வாரம் மூன்று நாள், பதின்மூன்று வாரம் எனில் ஏறத்தாழ 2,900 சன்னங்கள். டின்னொன்றில் 500 எனின் ஆறு டின்கள் சரியாக வரும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 இல் நம் ரூபா வீழ்ந்தபின் அவற்றின் விலை எவ்வாறாயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால், அப்பிள்ளையின் கை நடுங்கவில்லை என்பதே எம் துணிபு. தாளட்டையின் நடுவிலுள்ள பத்தாம் புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே உடையது. அங்கிருந்து வெளியே ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளியில் அமையும். சன்னம் தன் குறையினாலேயே இரண்டரை மில்லிமீற்றர் விலகுமாயின், பிள்ளை எத்துணைத் திறமையுடன் பிடித்தாலும் ஒரு புள்ளி போயிற்று. தவறு தன்னுடையதா, சன்னத்தினுடையதா என்று அறியமாட்டாத பிள்ளை தன்னையே நோவாள். நன்றாயிருந்த பிடியை மாற்றுவாள். மலிவுச் சரக்கினால் வரும் மெய்யான நட்டம் இதுவே.

எனின், விலை மிகுந்ததே சிறந்ததா? அதுவுமன்று. இச்சன்னங்கள் இடை ஒடுங்கி, தலை தட்டையாய், பாவாடைபோல் விரிந்த அடியுடன் இருக்கும். தலையின் அகலம் 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் என நூலிழை வேறுபாட்டுடன் விற்கப்படும். எந்த அளவு எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பது குழலுக்குக் குழல் மாறும். ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த டின்களை இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாக வாங்கி, முதலில் ஒன்றை மட்டும் திறந்து, பயிற்றுநரைக் கொண்டு துவக்கை அசையாது தாங்கியில் வைத்து ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்க்கட்டும். ஒரு கூட்டம் மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. நான்கைந்து கூட்டங்களேனும் வேண்டும். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தால் மற்ற டின்களை அச்சமின்றித் திறக்கலாம். நடுத்தர விலையில் இவ்வாறு தேறிய சன்னத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, தேர்ந்த போட்டிச் சன்னத்தைப் போட்டிக்கு முந்திய இரு வாரங்களுக்கு ஒதுக்குவது எம் பரிந்துரை. தந்தையார் வாங்கிய பாதிவிலை டின்னைத் தூக்கியெறியவும் வேண்டா. புதிதாய்ச் சேர்வோர் துவக்கை ஏற்றவும் இறக்கவும் பழக அது போதும்.

செலவே இல்லாத பயிற்சியும் ஒன்றுண்டு. சன்னமின்றி, குறிபார்த்து, மூச்சடக்கி, விசையை அழுத்துதல். தேர்ந்த வீரர்கள் தம் பயிற்சியிற் பெரும்பங்கை இவ்வாறே கழிக்கின்றனர். போட்டித் துவக்குகள் பலவற்றில் இதற்கெனத் தனி அமைப்பே உண்டு. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துவக்கையோ பழைய .22 துவக்கையோ வெறுமனே விசைத்தால் முன்னதில் உட்பகுதியும் பின்னதில் குழல்வாயும் பழுதுறும். ஆகையால் பயிற்றுநரைக் கேளாமற் செய்யலாகாது.

தாய்மார் கேட்க வேண்டிய வினா விலையைப் பற்றியதன்று, ஈயத்தைப் பற்றியது. இச்சன்னங்கள் பெரும்பாலும் ஈயம். உடலில் ஈயம் சேர்வதற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது கேடு. பிள்ளைகள் சிலர் சன்னங்களை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்து இடுவதைக் கண்டுள்ளோம். இதை உடனே நிறுத்த வேண்டும். சுடுமிடத்தில் வடை, பிஸ்கற்று ஆகாது. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளிர்ந்த நீரிற் கை கழுவுதல் வேண்டும். அங்கே அணிந்த மேலுடையை வீட்டுத் துணிகளோடு கலந்து தோய்த்தலாகாது. .22 முதலிய ரவைகளின் தீமூட்டியிலும் ஈயச் சேர்மம் இருப்பதால், அடைத்த கூடத்திற் சுடும்போது காற்றோட்டம் இன்றியமையாதது. தகரத்தாற் செய்த ஈயமற்ற சன்னங்களும் கிடைக்கின்றன. ஆயினும் எடை குறைவு, விலை மிகுதி, எல்லாக் குழலுக்கும் ஒத்துவருவதில்லை.

கண்டியின் ஈரக்காற்றுக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த டின்னிலுள்ள சன்னங்கள் வெண்பொடி பூத்துப் போகும். அப்பூத்தவற்றைத் துடைத்துப் போட்டிக்கு எடுத்துச் செல்வோரும் உளர். வேண்டா, அப்பொடியும் ஈயமே. மூடியை இறுக்கி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே இட்டு, பூட்டுள்ள அலுமாரியிற் சிறு பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைக்க. வீட்டுக்குக் கொண்டுவராது பாடசாலைக் களஞ்சியத்திலேயே விட்டுவருவது அதனினும் நன்று.