கல்யாண மோதிரத்துக் கல்லுக்கும் எழுத்து வேண்டும்

இலங்கையில் வைரச் சுரங்கம் எதுவும் இல்லை. இரத்தினபுரியிலும் எலஹெரவிலும் நீலம் எடுக்கிறோம், புஷ்பராகம் எடுக்கிறோம், வைடூரியம் எடுக்கிறோம். வைரம் மட்டும் கடல் கடந்துதான் வரவேண்டும். இருந்தும் அக்குறணையில் மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் போட வரும் நாளில், வெறும் தங்கம் போதாது, கல் வைத்த மோதிரமாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல வீடுகளில் வந்துவிட்டது. அதற்காகக் கண்டி நகரக் கடைகளுக்கும், இன்னும் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கொழும்பு செட்டியார் தெருவுக்கும் போகிறார்கள்.

தங்கம் வாங்குவதில் நம் உம்மாமார் கெட்டிக்காரிகள். 22 கரட்டா என்று கேட்பார்கள், தராசைப் பார்ப்பார்கள், செய்கூலியைக் குறைப்பார்கள். கல் என்று வந்ததும் அந்தத் துணிவு போய்விடுகிறது. "ஒரிஜினல் டயமன்ட்தான்" என்று கடையில் சொன்னால் சரியென்று தலையசைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். கேள்வி கேட்டால் நம்பிக்கையில்லாதவர்கள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

வைரம்போலத் தோன்றும் கல் நமக்குப் புதிதல்ல. தென்னிலங்கையில் கிடைக்கும் சிர்கோன் கல்லைச் சூடேற்றினால் அதன் நிறம் நீங்கி, வைரம்போல் மின்னும். ஒரு காலத்தில் அது 'மாத்தறை வைரம்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கப்பட்டது. அது அழகான இயற்கைக் கல். ஆனால் வைரம் அல்ல. இன்று அதன் இடத்தைத் தொழிற்சாலையில் செய்த இரண்டு கற்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று கியூபிக் சிர்கோனியா. பெயர் நெருங்கி வந்தாலும் சிர்கோனும் இதுவும் ஒன்றல்ல. 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது, மிக மலிவு. மற்றது மொய்சனைட். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உள்ள கற்களில் இதுவும் ஒன்று, கண்ணாடியைக் கீறிவிடும். ஆகவே கண்ணாடியில் கீறிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லாம் எதையும் நிரூபிக்காது.

கடையில் பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லில் தொட்டு, சத்தம் வந்ததும் "பார்த்தீர்களா, வைரம்" என்பார்கள். அந்தக் கருவிகளில் பல, கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. மொய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அதற்கும் சத்தம் வரும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் மேற்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பின்பக்க விளிம்புக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அது மொய்சனைட் அல்லது சிர்கோன். வைரத்தில் அப்படித் தெரியாது. கியூபிக் சிர்கோனியாவிலும் தெரியாது என்பதால் இந்தச் சோதனையோடு நின்றுவிடவும் முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம். அது போலி அல்ல. அதுவும் கரிமம்தான், கடினமும் மினுக்கமும் இயற்கை வைரத்தினுடையவையே. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954 இலேயே செயற்கை வைரத்தைச் செய்து காட்டியது. இன்று உலக வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படும் இந்தியாவின் சூரத் நகரத்திலேயே இதையும் வளர்க்கிறார்கள். லென்ஸும் பேனாக் கருவியும் இதைப் பிரித்துக் காட்டமாட்டா. ஆய்வுகூடக் கருவிகள் வேண்டும். மனதுக்குப் பிடித்து, விவரம் தெரிந்து வாங்கினால் இதில் ஒரு தவறும் இல்லை. இதையே இயற்கை வைரம் என்று சொல்லிப் பலமடங்கு விலைக்கு விற்பதுதான் மோசடி. வைர வியாபாரத்தில் பெயர்பெற்ற டி பியர்ஸ் நிறுவனம் 2018 இல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் ஒரு கரட் 800 டொலருக்கு இவ்வகைக் கற்களை விற்கத் தொடங்கியது. விலை தொடர்ந்து சரிந்தது, 2025 இல் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இப்படி விலை விழும் கல்லை "நாளைக்கு உதவும் சொத்து" என்று யாராவது விற்றால் நம்பவேண்டாம்.

இயற்கை வைரத்தையும் சொத்து என்று நினைக்கவேண்டாம் என்பதே என் கருத்து. வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற புகழ்பெற்ற வாசகம், 1947 இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்த பிரான்சஸ் ஜெரட்டி, டி பியர்ஸுக்காக எழுதியது. நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்ற வழக்கம் உலகெங்கும் பரவியதில் அந்த விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. என்றென்றைக்கும் வைத்திருக்கவேண்டிய பொருளை யாரும் விற்கப் போவதில்லை. விற்கப் போனால்தான் உண்மை விலை தெரியவரும். கஷ்ட காலத்தில் வங்கிக்கு அடகு வைக்கப் போனாலும் பொதுவாகத் தங்கத்தின் நிறைக்கும் கரட்டுக்கும்தான் பணம் கிடைக்கும். கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள். வாங்கும்போது கழிக்காமல் விட்டிருந்தால் நட்டம் இரட்டிப்பாகும்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கல்லில் ஒரு கரட் என்பது 0.2 கிராம். மோதிரம் முழுவதும் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை கிராம் சிறு கற்கள். முழு நிறைக்கும் தங்க விலை போட்டால், கொடுத்த பணத்தில் பத்திலொரு பங்கு கண்ணாடி விலைகூடப் பெறாத கற்களுக்குப் போயிருக்கலாம். தங்கத்தின் நிறை தனியாக, கல்லின் நிறை தனியாக எழுதச் சொல்லுங்கள். "ஒரு கரட் மோதிரம்" என்றால் ஒரே கல்லா, இருபது சிறு கற்களின் கூட்டுத்தொகையா என்றும் கேளுங்கள். ஒரே கல்லாக இருக்கும் ஒரு கரட்டின் விலை அந்தக் கூட்டத்தைவிடப் பலமடங்கு. அளந்தும் பார்க்கலாம்: வட்டமாகப் பட்டை தீட்டிய ஒரு கரட் வைரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர்.

சில வைரங்களின் உள்வெடிப்பைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பி மறைத்திருப்பார்கள். மோதிரத்தைப் பெரிதாக்கத் தட்டாரிடம் கொடுத்து, தீ பட்டதும் அந்த நிரப்பு பாழாகிவிடும். அதிக சூட்டில் நல்ல வைரத்தின் மேற்பரப்பே மங்கக்கூடும். ஆகவே கல் எது என்பதைத் தட்டாரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அதற்கு முதலில் நமக்கே தெரிந்திருக்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு எடுக்கும் மோதிரத்தில் நம் ஊருக்கென்றே ஒரு கவலை உண்டு. மார்க்கப்படி ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால் வெள்ளை நிற மோதிரம் தேடுகிறோம். 'வைட் கோல்ட்' என்பது தங்கமேதான். பலேடியமோ நிக்கலோ கலந்து, மேலே ரோடியம் பூசியிருப்பார்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிய பிள்ளை தெரியாமலே தங்கம் அணிந்திருப்பான். உட்புறத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள்: 950 பிளாட்டினத்துக்கு, 925 வெள்ளிக்கு, 750 இருந்தால் அது 18 கரட் தங்கம்.

வைரத்தை விட்டு நம் நாட்டு நீலக்கல்லுக்குத் திரும்புவோரை நான் மனதார வரவேற்கிறேன். டயானா 1981 இல் அணிந்து, 2010 இல் கேட் மிடில்டனின் விரலுக்குப் போன நிச்சயதார்த்த மோதிரத்தில் இருப்பது 12 கரட் இலங்கை நீலம் என்றே கூறப்படுகிறது. ஆனால் நீலத்தையும் எழுத்தில்லாமல் வாங்கக்கூடாது. செயற்கை நீலக்கற்கள் நூறாண்டுக்கும் மேலாக இருக்கின்றன. சூடேற்றி நிறம் கூட்டுவது தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதை வாங்குபவருக்குச் சொல்லியாகவேண்டும். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் கொழும்பு ஆய்வுகூடத்தில் கல்லைப் பரிசோதித்துக்கொள்ளலாம். முற்பணம் கட்டும் முன்பே "பரிசோதனையில் வேறாக வந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவேன்" என்று கடையில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையைவிட்டு எழுந்து வருவதில் வெட்கமில்லை. ஜி.ஐ.ஏ. (அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம்) போன்றவற்றின் சான்றிதழ் இருந்தால் அதன் எண்ணை இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அந்த நிறையும் அளவும் கையிலுள்ள கல்லோடு ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள். வேறொரு வைரத்தின் எண்ணைப் பொறித்த செயற்கைக் கற்களை ஜி.ஐ.ஏ.யே கண்டுபிடித்திருக்கிறது.

ஏமாந்துவிட்டால்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் வரும்படியோ சொல்லி விற்பது குற்றம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்தச் சபையிடம் கொடுக்கவேண்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். அழைப்பு எண் 1977. கல்யாண அலுவல்களிலேயே மூன்று மாதம் ஓடிவிடும் என்பதால் கல்லைப் பரிசோதிப்பதை நிக்காஹ் முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். திட்டமிட்ட ஏமாற்று என்று தெரிந்தால் பொலிஸிலும் முறையிடலாம்.

கடைசியாக, அந்த மோதிரம் யாருடையது என்பது. அது மஹரின் பகுதியா, மாப்பிள்ளை வீட்டாரின் அன்பளிப்பா என்று பல குடும்பங்கள் பேசிக்கொள்வதே இல்லை; பிணக்கு வந்த பிறகு இரு பக்கமும் இரு கதை சொல்லும். மஹர் பெண்ணின் தனி உரிமை. அது கிடைக்காவிட்டால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதியிடம் கோரலாம். மோதிரமே மஹர் என்றால் "ஒரு மோதிரம்" என்று மட்டும் எழுதி விடாமல், தங்கத்தின் நிறை, கரட், கல்லின் பெயர், அதன் நிறை, அன்றைய பெறுமதி ஐந்தையும் விவாகப் பதிவின்போதே எழுதும்படி வாப்பாவோ நாநாவோ பதிவாளரிடம் கேட்கவேண்டும். மூலப் பற்றுச்சீட்டும் சான்றிதழும் மணமகளின் கையிலேயே இருக்கட்டும்.