ஐம்பது அடியில் நிற்பவரின் முகம்

நொடியில் மூன்றில் ஒரு பங்கு

அமெரிக்கப் பூங்காத் திடல்களில் வேலை முடிந்து வந்து ஆடும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பாலில், பிட்சர் கையைத் தாழ்த்தி, பந்து வில்லாய் வளைந்து இறங்கும்படி மெதுவாகத்தான் வீசுவார். ஆபத்து, அந்தப் பந்து திரும்பி வரும்போதுதான். அடிபட்ட பந்து மணிக்கு 98 மைலுக்கு மேல் பாயக்கூடாது என்பது யூஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் மட்டைச் சோதனை வரம்பு. ஏறக்குறைய 158 கிலோமீட்டர். பிட்சர் நிற்பது பேட்டரிடமிருந்து 50 அடி தொலைவில். அந்த வேகத்தில் பந்து அவரை எட்ட 0.35 நொடி போதும். வீசிய கையோடு ஓர் எட்டு முன்னே வைத்திருந்தால் அதுவும் இல்லை. கண் கண்டதற்குத் தசை அசையத் தொடங்கவே 0.2 நொடிக்கு மேல் ஆகிவிடும். மிச்சமிருக்கும் இமைப்பொழுதில் இடுப்பருகே இருக்கும் கையுறை முகத்துக்கு ஏற வேண்டும். இதைத் திறமையின் பொறுப்பில் விட முடியாது என்பதால்தான், பிட்சருக்கு முகக்கவசம் கட்டாயம் என்று ஒவ்வொரு லீக்கும் விதியிலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

அணியாததற்குச் சொல்லும் காரணங்கள்

சாஃப்ட்பால் என்ற பெயரிலேயே மென்மை இருக்கிறதே என்பார்கள். 1887-இல் சிகாகோவில் முதன்முதலாக ஆடியபோது குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார்கள். அந்த மென்மை அத்தோடு போயிற்று. இன்று ஆண்கள் ஆடும் 12 அங்குலச் சுற்றளவுப் பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது. கன்னத்தில் பட்டால் கண்குழி எலும்பு நொறுங்கும், பற்கள் போகும், பார்வையும் போகலாம். இருபது வருடம் ஆடிய அனுபவம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். அனுபவம் பந்தின் போக்கை ஊகிக்க உதவும். ஆனால் வயது ஏற ஏற அனிச்சை வேகம் குறைகிறது, பொழுதுபோக்கு லீக்குகளில் ஆடுபவர்களோ பெரும்பாலும் நடுவயதினர். கவசத்தின் கம்பிகள் பார்வையை மறைக்கும் என்ற குறையில் கொஞ்சம் உண்மை உண்டு. சில நாள் பயிற்சியில் கண் பழகிவிடும். கவசம் அணிவது கோழைத்தனம் என்று தயங்குவோரும் உண்டு; ஆனால் பேட்டர் அருகே நிற்கும் ஃபீல்டர் ஹெல்மெட் போடுவதைக் கிரிக்கெட்டில் யாரும் கோழைத்தனம் என்பதில்லை.

மட்டையும் தூரமும்

பிட்சர் கால் வைத்து வீசும் பலகைக்குப் பின்னால் 6 அடி வரை தள்ளி நின்று வீச விதி இடம் தருமானால், பின்னாலிருந்தே வீசுவது நல்லது. கிடைப்பது 0.04 நொடிதான், ஆனால் அதுவும் கையுறை சில அங்குலம் உயரும் நேரம். மட்டை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்கிய கலவை மட்டைகள் 98 மைல் வரம்பைப் பொருளற்றதாக்குகின்றன. வெளியே சோதனைச் சான்று முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். ஆட்டத்துக்கு முன் மட்டைகளைச் சோதிக்காத லீக், பிட்சரின் முகத்தைப் பணயம் வைக்கிறது.

அடிபட்டுவிட்டால்

தலையில் அடிபட்டவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அன்று மீண்டும் ஆட அனுமதிக்கக் கூடாது. வாந்தி, இரட்டைப் பார்வை, குழப்பம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மார்பில் பந்து பட்டுச் சரிந்தவருக்கு, எலும்பு முறியாவிட்டாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கலாம். மூச்சும் பேச்சும் இல்லையென்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி திடலில் எங்கே இருக்கிறது என்பது ஆட்டம் தொடங்குமுன்பே இரு அணிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.