நெசெட் ஊராட்சியும் அதன் அருவியும்

நார்வேயின் மேற்குப் பகுதியில், ரொம்ஸ்டால் மலைகளுக்கு நடுவே நெசெட் என்றொரு ஊராட்சி இருந்தது. 1838 ஜனவரி 1-இல் உருவாகி, 2019 டிசம்பருடன் முடிந்தது. ஊர்க் காரியங்களை ஊராரே தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் ஒப்படைத்த 1837-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு வழிவகுத்தது. சொத்தோ பதவியோ உள்ள ஆண்களுக்கே வாக்குரிமை என்ற பெருங்குறை அதில் இருந்தது. ஆனாலும் அதிகாரிகள் ஆண்ட கிராமங்களுக்கு அது பெரிய திருப்பம்.

அக்காலத்தில் நெசெட்டுக்குப் பாதிரியாராக வந்தவரின் ஐந்து வயது மகன், பின்னாளில் நாட்டுப்பண்ணை எழுதி, 1903-இல் நோபல் பரிசும் பெற்ற பியோர்ன்சன். அந்தப் பெருமையை நெசெட் கடைசிவரை கொண்டாடியது. ஆனால் அதன் வரலாற்றை எழுதியது தண்ணீர்தான் என்பேன்.

1756 பிப்ரவரி 22 இரவு. நாள்கணக்காகப் பெய்த மழைக்குப் பின் ட்யெல்லே என்ற இடத்தில் மலைச்சரிவு பெயர்ந்து கடற்கழிக்குள் விழுந்தது. எழுந்த பேரலைகள் கரையோர வீடுகளையும் படகுகளையும் வாரிச் சென்றன. 32 பேர் மாண்டார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த சிக்கல் மனிதர் உண்டாக்கியது. நெசெட்டின் எய்கெஸ்டால் பள்ளத்தாக்கில் விழும் மார்டால்ஸ்ஃபோசன், ஐரோப்பாவின் மிக உயரமான அருவிகளுள் ஒன்று. அதன் நீரைச் சுரங்கம் வழியே திருப்பி, பக்கத்து ரௌமா ஊராட்சியில் மின்சாரம் எடுக்க ஓஸ்லோவில் முடிவானது. 1970 கோடையில் நூற்றுக்கணக்கானோர் மலைமேல் முகாமிட்டுக் கட்டுமானப் பாதையை மறித்தார்கள். தத்துவப் பேராசிரியர் ஆர்னெ நேஸும் அவர்களோடு அமர்ந்தார். போலீஸார் அவரைத் தூக்கிச் சென்றார்கள். எய்கெஸ்டால்காரர்களும் எதிர்த்தார்கள். அருவி அவர்களுடையது, வருமானம் மட்டும் அடுத்த ஊருக்கா? ரௌமா மக்களோ வேலையும் வரியும் வேண்டி எதிர்ப்போராட்டமே நடத்தினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைநாட்டில் பிழைப்பு எளிதல்ல. தவறு, அருவியுள்ள ஊரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் முடிவெடுத்ததில் இருந்தது.

திட்டம் நிறைவேறியது. இன்று ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 20 வரை மட்டுமே, சுற்றுலாக் காலத்துக்காக, அருவிக்கு நீர் திறந்துவிடுகிறார்கள்.

இதற்கிடையே எல்லைகளும் மாறின. 1890-இல் பிரிந்துபோன எரெஸ்ஃபியோர்ட்–விஸ்ட்டால் பகுதி 1964-இல் திரும்பி வந்தது. நாடு முழுவதும் சிற்றூராட்சிகளை இணைத்த காலம் அது. 2020 சீர்திருத்தம் நார்வேயின் 428 ஊராட்சிகளை 356 ஆகக் குறைத்தது. சுமார் 3,000 பேர் வாழ்ந்த நெசெட், மோல்டே நகரோடு சேர்ந்தது. எய்ட்ஸ்வோகில் கூடிவந்த நெசெட் மன்றம் கலைந்தது. எய்கெஸ்டால்காரர்கள் பள்ளிக்கும் சாலைக்கும் இப்போது மோல்டே மன்றத்தில்தான் வாதாட வேண்டும். அங்கே பெரும்பான்மை நகரத்தாருடையது.