களைப்பு என்னும் காவல்

தெற்குப் பிரான்ஸில், 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து தனித்து நிற்கும் மோன் வென்டூ மலையைச் சைக்கிள் வீரர்கள் எவ்வளவு பயபக்தியோடு நினைக்கிறார்களோ, அவ்வளவு பயபக்தியோடுதான் வைத்தியனாகிய நானும் நினைக்கிறேன். ஏனெனில், மனித சரீரம் உஷ்ணத்தோடு போராடி எந்த இடத்தில் தோற்றுப்போகிறது என்பதை அம்மலைச் சரிவு இரண்டு முறை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது.

1955-இல் டூர் த பிரான்ஸ் பந்தயம் அவ்வழியே சென்றபோது, ழான் மாலெழாக் என்ற வீரர் நினைவிழந்து சாலையில் விழுந்தார். ஒரு கால் பெடலில் மாட்டிக்கொண்டிருக்க, மற்றொரு கால் வெறும் வெளியை மிதித்துக்கொண்டே இருந்ததாம். பந்தய வைத்தியரான பியேர் துமா, இறுகிய பற்களை நெம்பித் திறந்து, பிராணவாயு கொடுத்து, ஊசி போட்டு அவரைப் பிழைக்கவைத்தார். ஊக்கமருந்தின் அபாயத்தை அன்று முதலே எடுத்துரைத்துவந்த அந்த மனிதர்தான், 1967 ஜூலை 13 அன்று அதே பந்தயத்தில், அதே மலையில், டாம் சிம்ப்சன் என்ற வீரரின் அருகே மண்டியிட நேர்ந்தது. 1965-இல் உலக சாம்பியனாக விளங்கிய சிம்ப்சனுக்கு அப்போது வயது 29. உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தள்ளாடி விழுந்து, மறுபடியும் ஏறி மிதித்து, மீண்டும் சாய்ந்தபோது, கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த அவர் விரல்களைப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது. ஹெலிகாப்டரில் அவிஞ்யோனுக்குக் கொண்டுபோயும் உயிர் மீளவில்லை. அவருடைய உடலில் ஆம்ஃபெட்டமைன் என்னும் ஊக்கமருந்தும் மதுவும் இருந்தன.

சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை நகர்த்துகிறது, எஞ்சியதெல்லாம் உஷ்ணமாகிவிடுகிறது. சமதரையில் விரைந்து போகிறவனுக்கு எதிர்க்காற்று அந்த உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். ஏற்றத்திலோ உழைப்பு மிகுந்து வேகம் குறைவதால் காற்றும் கைவிடுகிறது. மோன் வென்டூவின் மேற்பகுதியில் மரநிழலும் இல்லை. வெண்மையான சுண்ணாம்புக்கல் வெயிலை முகத்தில் எறிகிறது. இந்நிலையில் வியர்வை ஒன்றே துணை. அதற்குத் தண்ணீர் வேண்டும். அந்நாளைய பந்தயத்திலோ வீரர்கள் பெறக்கூடிய தண்ணீருக்கே கட்டுப்பாடு இருந்தது. போதும், நிறுத்து என்று சரீரம் விடுக்கும் எச்சரிக்கையே களைப்பு. ஆம்ஃபெட்டமைன் களைப்பைப் போக்குவதில்லை, அதன் குரலை மட்டும் அடக்கிவிட்டு, தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, உள்ளே உஷ்ணத்தை மேலும் பெருக்குகிறது.

சிம்ப்சனைக் குற்றவாளியாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. தாகத்தைப் பலவீனமென்றும் மாத்திரையைத் தொழிலின் ஓர் அங்கமென்றும் கருதிய ஒரு காலத்தின் பிள்ளை அவர். 1968 முதல் ஒலிம்பிக் பந்தயங்களில் ஊக்கமருந்துப் பரிசோதனை நடைபெறத் தொடங்கியதற்கு, அவருடைய மரணமும் துமாவின் விடாமுயற்சியும் காரணங்களுள் சில.

வெயிலில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடன் வருகிறவனுக்குப் பேச்சுக் குழறினாலோ, வண்டி தாறுமாறாக வளைந்து சென்றாலோ, வியர்க்கத்தானே செய்கிறது என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். வியர்வை வழியும்போதே வெப்பத் தாக்குதல் நேரலாம். உடனே அவனை நிழலில் கிடத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவன் வாயில் மட்டும் ஒரு துளியும் ஊற்றாதீர்கள்.