கல்லாவைத் தொடாமலே கடையை முடக்கலாம்!



திருடன் என்றால் கல்லாப் பெட்டியை உடைப்பான் என்பதே நமக்குத் தெரிந்த கதை. கல்லாவைத் தொடாமல், கடை வாசலை மறித்து வாடிக்கையாளரை உள்ளே விடாமல் செய்தாலும் நமக்கு நஷ்டம்தானே? கணினி உலகில் இதற்குச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். கம்பியில்லா வைஃபை இணைப்பில் இதற்கு வழி அதிகம்.

ஒரு நாள் மாலை, ராஜபாளையத்தில் எங்கள் கிட்டங்கியில் கேரளாவுக்குப் போகும் பேண்டேஜ் துணிச் சிப்பங்கள் லாரியில் ஏறிவிட்டன. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. பில் போடும் கணினியோ மூன்று முறை நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த தம்பி, "அண்ணாச்சி, லாரி டிரைவர் ரெடி. கம்ப்யூட்டர் டிரைவர்தான் பழசு" என்றார். வயர் போட்டுப் பில் எடுத்தோம். லாரி புறப்பட இரவு பத்து மணி. காத்திருப்புக் கூலி தனி.

எங்களுக்கு நேர்ந்தது தாக்குதல் அல்ல, வெறும் பழுது. ஆனால் அதே ஓட்டையை வேண்டுமென்றே பயன்படுத்துவோரும் உண்டு.

வைஃபை கருவியைக் கணினியோடு சேர்த்து ஓட்டும் மென்பொருளே டிரைவர். ஒவ்வொரு ரூட்டரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று இடைவிடாமல் அறிவிப்பு அனுப்பும். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே கணினி அதைப் படிக்கும். அறிவிப்பைக் கோணலாகத் தயாரித்து அனுப்பினால், குறையுள்ள மென்பொருள் குழம்பி நின்றுவிடும். 2022 அக்டோபரில் லினக்ஸின் வைஃபை பகுதியில் இத்தகைய குறைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டன. 2024 ஜூனில் விண்டோஸ் வைஃபை டிரைவரில் இருந்த கடுமையான குறை ஒன்றை மைக்ரோசாஃப்ட் சரி செய்தது.

இன்னொரு வகை, இணைப்பைத் துண்டிக்கும் பொய்க் கட்டளை. அமெரிக்காவில் நாஷ்வில் நகர மாரியட் ஹோட்டல் ஒன்று, விருந்தினர்களின் சொந்த வைஃபை இணைப்புகளை இப்படித் துண்டித்தது. ஹோட்டல் வைஃபைக்கோ தனிக் கட்டணம்! 2014-ல் அந்நிறுவனம் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66-ஆம் பிரிவுகளின்படி, தீய நோக்கோடு கணினியை முடக்குவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பில் போடும் கணினிக்கு வயர் இணைப்பே கொடுங்கள். வைஃபை மற்ற உபயோகத்துக்கு இருக்கட்டும்.

2. டிரைவரையும் ரூட்டர் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

3. புது ரூட்டர் வாங்கினால் டபிள்யூ.பி.ஏ.3 உள்ளதா என்று பாருங்கள். பொய்த் துண்டிப்புக் கட்டளையை அது தடுக்கும். டிரைவர் குறைக்கோ புதுப்பிப்பதே மருந்து.

4. இணைப்புப் போனால், செல்போனை யு.எஸ்.பி. வயரில் கணினியோடு சேர்த்து நெட் எடுக்கலாம். முன்பே பதிவு செய்த செல்போனிலிருந்து எஸ்.எம்.எஸ். மூலமும் இ-வே பில் எடுக்கலாம்.

5. கை பில் புத்தகம் ஒன்று மேஜையில் இருக்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரன்று பால்கோவா கடை வாசலில் கூட்டம் நிற்கும்போது பில் மிஷின் நின்றால், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கிறோம். கணினிக்கும் அந்தக் கவனம் வேண்டும்.